கிரைண்டரைத் தொட்டால் ‘சுர்’ருன்னு இருக்கா? டெஸ்டர் மட்டும் போதாது!

“செருப்பு போட்டுக்கிட்டு தொடு”ன்னு சொல்லிவிட்டு மாவு அரைக்கும் வீடுகள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இன்னும் உண்டு. லேசான ஷாக்தானே என்று விட்டுவிடலாமா?

ஷாக் ஏன் வருகிறது?
உள்ளே இன்சுலேஷன் கெட்டால் மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும். எர்த் வயர் நன்றாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். எர்த் பின்னை உடைத்து, இரண்டு பின் பாயிண்டில் செருகினால்? தொடுபவரின் உடல்தான் அதற்கு வழி.

எப்படிச் சோதிப்பது?
ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் மின்சாரம் இருப்பதை மட்டுமே காட்டும். பிரிட்டன் அலுவலகங்களில் பயன்படும் ‘பேட்’ டெஸ்டர், பிளக் முதல் உலோக உடல் வரை எர்த் தொடர்கிறதா என்று பார்க்கும். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனையும் அளக்கும். எர்த் உள்ள சாதனத்துக்குக் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். நம் எலக்ட்ரீஷியன்களின் மெக்கரிலும் இன்சுலேஷனை அளக்கலாம்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?
போதாது. அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்குத்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஆளைக் கொல்லும் சில பத்து மில்லி ஆம்பியர் கசிவு தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.டி. வீடுகளுக்கும் இது கட்டாயம் என 2023-ல் மின்வாரியம் அறிவுறுத்தியது.

இன்றே என்ன செய்யலாம்?
ஆர்.சி.டி.யின் ‘டெஸ்ட்’ பட்டனை அமுக்குங்கள். ட்ரிப் ஆகலைன்னா மாற்ற வேண்டும். ‘சுர்’ என்ற சாதனத்தின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வாடகை வீடு, ஓனர் பார்த்துப்பார்னு காத்திருக்காதீங்க. தொடுவது உங்கள் கைதான்.