கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.5: கிட்னி போச்சா?

1/ மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் அடிக்கடி பதறிப்போய் கேட்கும் கேள்வி இது. "டாக்டர், போன வாரம் 1.2, இன்னிக்கு 1.5. கிட்னி போச்சா?"

என் பதில்: ஒரு எண்ணை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. ஏன்னு சொல்றேன்.

2/ இந்த 1.5-க்குப் பின்னால் நாலு கதை இருக்கலாம்.
👉 வழக்கமான சின்ன ஏற்ற இறக்கம்
👉 அன்னிக்கு மட்டும் ஏதோ கோளாறு: தண்ணீர் சரியாகக் குடிக்கலை, ரத்த மாதிரி மாறிப்போச்சு
👉 அளவு ஒரு படி ஏறி அங்கேயே நின்னுடுச்சு
👉 போக்கே மாறி, தினமும் ஏற ஆரம்பிச்சிருக்கு. உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம்

3/ 1976-ல் ஹாரிசன், ஸ்டீவன்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னாங்க. நாலு கதைக்கும் ஒரே நேரத்தில் கணக்கு ஓட்டு. அடுத்த எண் வந்ததும், எந்தக் கதை அதைச் சரியா முன்கூட்டிச் சொன்னதோ அதன் வாய்ப்பைக் கூட்டு. மற்றதைக் குறை. பேயஸ் விதி செய்வது இதைத்தான்.

4/ 1983-ல் ஏட்ரியன் ஸ்மித்தும் மைக் வெஸ்ட்டும் இதே முறையை மாற்றுச் சிறுநீரக நோயாளிகளின் கிரியேட்டினின் அளவுகளில் பயன்படுத்தினாங்க. முதல் எண்ணில் சந்தேகம் வரும். அடுத்த ஓரிரு எண்களில் எந்தக் கதைன்னு தெளிவாகும்.

5/ டாக்டர்கள் நாங்க இதில் ரெண்டு பக்கமும் தப்பு பண்றோம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து அவசரப்படுவது ஒண்ணு. "நார்மல் ரேஞ்சுக்குள்ள இருக்கு, போயிட்டு வாங்க" என்பது இன்னொண்ணு.

0.8-ல் இருந்தவர் மெல்ல 1.2-க்கு வந்தால் பல லேப் ரிப்போர்ட்டில் அது தடித்த எழுத்தில் வராது. ஆனா வடிகட்டும் திறன்ல மூணுல ஒரு பங்கு போயிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை ரெண்டாவது தப்புதான் ஆபத்து. அது சத்தமில்லாமல் நடக்கும்.

6/ அதுக்காக எல்லாத்துக்கும் காத்திருக்கணும்னு அர்த்தமில்லை. காய்ச்சல், சிறுநீர் குறைவு, கால் வீக்கம் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். அன்னிக்கே வாங்க.

7/ நீங்க செய்ய வேண்டியது:
✅ பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. தேதி வாரியா கொண்டு வாங்க
✅ முடிந்தவரை ஒரே லேப்
✅ மறுபரிசோதனை சொன்னால் தள்ளிப் போடாதீங்க
❌ நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க

இன்னிக்கு வந்த எண்ணை விட, அது வந்த பாதை முக்கியம்.