மினுக்கி

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் மேசையில் ஆறு புகைப்படங்கள் கிடந்தன. விடுதி மொட்டைமாடியில், இரவில், கைபேசியால் எடுத்தவை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, பின்னால் கறுப்புத் துப்பட்டா. இமைகளிலும் கன்ன எலும்பின் மேலும் ஜிகினா. ஒரு படத்தில் மட்டும் அது கண்ணோரத்திலிருந்து தாடைவரை கண்ணீர்க்கோடுபோல இறங்கியிருந்தது. குழுவிலிருந்த ஒரு பேராசிரியை படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "மினுக்கி." பக்கத்திலிருந்தவர், "கூத்தாடிச்சி மாதிரில்ல இருக்கு" என்றார். கல்லூரியின் மாண்புக்குக் குந்தகம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. பெற்றோரை வரவழைத்து எச்சரிப்பது என்று முடிவானது. ஐந்து பேர் கையெழுத்திட்டோம். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

பெண்ணுடலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள் ஏன் கையெழுத்திட்டாள் என்று கேட்பீர்கள். மணி ஐந்தரை ஆகியிருந்தது, பேருந்து போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. இதுவெல்லாம் ரீல்ஸ் மோகம், இதற்காகவா நான் வாதாட வேண்டும் என்று உள்ளூர நினைத்தேன். அந்த நினைப்போடுதான் இந்தக் கட்டுரையில் சண்டை.

முதலில் ஊரை எடுத்துக்கொள்வோம். எங்கள் கல்லூரிக்கு வரும் சாலையில் மாதத்துக்கு இரண்டு ஃபிளக்ஸ் பலகைகளாவது முளைக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. தலைநிறையப் பூ, நெற்றிச்சுட்டி, கண்ணிமையில் தங்கத்தூள், உதட்டில் பளபளப்பு. மேலே "பூப்புனித நீராட்டு விழா". சுற்றிலும் தாய்மாமன்களும் கட்சித் தலைவர்களும். அந்தக் குழந்தையின் மாதவிலக்கை ஊர் முச்சந்தியில் பத்தடி உயரத்துக்கு அறிவிக்கிறோமே, அவளிடம் யாராவது கேட்டார்களா? அவளை யாராவது மினுக்கி என்றார்களா? வரவேற்பு மேடைக்கு மணப்பெண்ணைத் தயார்செய்யக் கடன் வாங்கியாவது அழகுக் கலைஞரை அமர்த்துகிறோம். அவள் இமையிலும் இதே மினுமினுப்புதான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நகைக்கடை விளம்பரத்தில் ஒருத்தி மின்னினால் அது பாரம்பரியம்.

ஆக, ஜிகினாவின் மேல் யாருக்கும் கோபமில்லை. அதற்கு ஒரு முகூர்த்தம் வேண்டும், மேலே ஒரு மாமன் பெயரோ மாப்பிள்ளை பெயரோ வேண்டும். காரணமே இல்லாமல், வெள்ளிக்கிழமை இரவு, தோழி பூசிவிட, இன்னொரு தோழி படமெடுக்க, தன் முகம் எப்படியெல்லாம் ஆகும் என்று பார்ப்பதற்காக ஒருத்தி மின்னினாள் என்பதுதான் குற்றம்.

ஆண் மின்னினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971 மார்ச்சில் மார்க் போலன் என்ற பாடகர் கண்ணுக்குக் கீழே ஜிகினாவை ஒட்டிக்கொண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பாடினார். அந்த மாலையில்தான் கிளாம் ராக் என்ற இசை இயக்கம் பிறந்தது என்று இன்றுவரை எழுதுகிறார்கள். நாலு துளி ஜிகினாவுக்கு ஒரு இயக்கம்! எங்கள் மாணவிகள் பார்த்துப் பழகியது 2019இல் வந்த 'யூஃபோரியா' தொடர். அதன் ஒப்பனையாளர் டோனியெல்லா டேவி, பதின்வயதுப் பெண்களின் துக்கத்தையும் திமிரையும் அவர்கள் கண்ணடியில் ஜிகினாவாக எழுதிக் காட்டினார். அந்த வேலைக்கு எம்மி விருது கிடைத்தது. எங்கள் மொட்டைமாடிக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம்.

"கூத்தாடிச்சி" என்ற சொல்லைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. கரகாட்டக்காரியும் ஸ்பெஷல் நாடக நடிகையும் திருவிழாவுக்குத் திருவிழா பேருந்தில் அலைந்து, கொட்டகைக்குப் பின்னால் கைக்கண்ணாடியில் முகம் பார்த்து அரிதாரம் பூசி, விடியவிடிய ஆடிச் சம்பாதித்த சோற்றின் மேல் எறியப்படும் கல் அது. மேடை விளக்கின் கீழே மின்னும்போது விசில் அடிப்பவர்கள், காலையில் அதே பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கமாட்டார்கள். இந்த வசையில் சாதியும் இருக்கிறது, வர்க்கமும் இருக்கிறது. அதை முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண் சொன்னார், முனைவர் பட்டம் பெற்ற நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். நாட்டார் வழக்காற்றியல் எங்கள் துறையில் ஒரு தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் அந்த மாணவியைத் துறை அறைக்கு வரச்சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் தைரியம் அன்று வரவில்லை. அதனால் "இதை எப்படிம்மா எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. அவளிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை.

முதலில் விடுதி அறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். "ஜிகினா செத்துப்போச்சு மேம்" என்றாள். எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும் வெளிச்சத்தில் முகம் மாவுபூசினதுபோல் தட்டையாகிவிடும். ஜிகினாவின் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒரே இடத்திலிருந்து, பக்கவாட்டில் வந்து விழும் கூரான ஒளியைத்தான் அது திருப்பி எறியும். அதனால் மொட்டைமாடி, அதனால் இருட்டு, அதனால் ஒருத்தி கையில் டார்ச். டார்ச்சை ஒரு விரற்கடை நகர்த்தினால் மின்னிய புள்ளிகள் அணைந்து வேறு புள்ளிகள் பற்றிக்கொள்ளும். ஒரே முகத்தில் இருபது வானம் பார்த்தோம் என்றாள். (இது என் உவமை இல்லை, அவளுடையது. நான் பொறாமைப்பட்டேன்.)

அடுத்த சிக்கல் கைபேசி. இருட்டைக் கண்டதும் அது பதறிப்போய்ப் படம் முழுவதையும் வெளுக்கப் பார்க்கிறது. கறுப்பு முகத்தையும் அது இருட்டின் கணக்கில்தான் சேர்க்கிறது. போதாக்குறைக்கு அழகூட்டும் வடிகட்டி ஒன்று தானாகவே வந்து தோலை வழித்துவிடும், ஜிகினாவைப் பரு என்று நினைத்து அழிக்கும். அதை அணைத்து, திரையில் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை விரலால் கீழே இழுத்திருக்கிறார்கள். இழுக்க இழுக்கத் தோல் தன் சொந்த நிறத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. அப்போதுதான் ஜிகினா தனித்தனியாக எழுந்து நின்றதாம். "கறுப்ப வெளுக்க விட்டா ஜிகினா தெரியாது மேம். கறுப்பு கறுப்பாவே இருந்தாத்தான் தெரியும்."

அவள் கறுப்பு. நானும் கறுப்பு. இருபத்திரண்டு வயதில் பெண் பார்ப்பவர்களுக்குக் கொடுக்க என்னை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார்கள். அப்பத்தா கழுத்துவரை பவுடர் அப்பிவிட்டார். ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். "கவலப்படாதம்மா, கலர் ஏத்திடலாம்" என்று இரண்டு விளக்கைக் கூடுதலாக என் முகத்தில் திருப்பினார். வந்த படத்தில் மூக்கின் விளிம்பே காணாமல் போயிருந்தது. அந்தப் படத்தை ஏழு வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதில் இருந்தவள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் மட்டும் என்ன செய்வார்? கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைப் பெண்ணின் முகம்தான் இருந்தது. முதல் மாடலின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக வந்துவிட்டால் படம் சரி, உலகத்தில் மற்றவர் தோல் எப்படி வந்தால் என்ன. பழுப்பின் சாயல்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் விற்பவர்களும் முறையிட்டதால்தான் பிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மேசைக்குக் கிடைத்த நீதி கறுப்புப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 2020இல் ஒரு களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. களிம்புகூட இப்போது மின்னச் சொல்கிறது பாருங்கள். ஆனால் வெளுத்து மின்னச் சொல்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வெட்கம் உண்டு. சங்கப் பாடல்கள் கொண்டாடிய பெண் நிறம் மாமை, மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்ததும் மாமை அழிந்து பசலை படர்கிறது என்று அவள் புலம்புகிறாள். வெளிறிப்போவது அந்த இலக்கியத்தில் நோய். அந்த நோயைத்தான் நாம் குழாயில் அடைத்து விற்கிறோம். பெண்ணின் தோலில் வேங்கைப்பூந்தாதுபோலப் படர்ந்த சுணங்கை அந்தக் கவிஞர்கள் எத்தனை ஆசையாகப் பார்த்தார்கள் என்று வகுப்பில் ஒரு மணிநேரம் பேசுவேன். பிறகு குழுவில் போய் உட்கார்ந்து, கன்னத்தில் பொன்துகள் படர்ந்த பெண்ணுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவேன். இன்னொன்றும் உண்டு. மார்பிலும் தோளிலும் தொய்யில் எழுதுவதைக் கலித்தொகை பேசுகிறது. அங்கே கரும்பு வரைகிறவன் தலைவன். பெண்ணின் தோல் ஏடு, எழுத்தாணி அவன் கையில். மொட்டைமாடியில் ஏடும் எழுத்தாணியும் பெண்களிடமே இருந்தன. சங்க இலக்கியத்தில் ஊறிய ஐந்து பேருக்கு அது உறுத்தியதில் வியப்பில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இதை ஒரு பெண்ணியத் தோழியிடம் சொன்னபோது, "அலங்காரத்திலிருந்து விடுபடத்தானே இத்தனை நாள் போராடினோம்?" என்றார். அலங்காரத்திலிருந்து விடுபடவா போராடினோம்? யாருக்காக, யார் கேட்டு, யார் கணக்கில் என்ற கட்டாயத்திலிருந்து விடுபட அல்லவா! பருத்திப் புடவையும் பெரிய பொட்டும் வெள்ளி வளையலும் நாம் அணிகிறோம். அதற்குக் கருத்தியல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தொன்பது வயதுக்காரி ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஜிகினாவுக்கு மட்டும் மோகம் என்று பெயர்.

அவருடைய இன்னொரு கேள்வியை நான் அப்படித் தள்ளமாட்டேன். ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக். கழுவினால் ஆற்றுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையை 2023 அக்டோபரில் நிறுத்தியது. பிளாஸ்டிக் இல்லாத மினுமினுப்பு பெரும்பாலும் அப்பிரகத்திலிருந்து வருகிறது, நம் ஊரில் காக்காப்பொன் என்போமே, அது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதிஹ் பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் குழந்தைகள் காக்காப்பொன் பொறுக்குவதும், மண் சரிந்து சாவதும் பலமுறை செய்தியாகியிருக்கிறது. அந்தச் சிறுமிகளின் விரல் முழுக்க மினுமினுப்பு, யாரும் அவர்களைப் படமெடுத்து அழகு என்பதில்லை. இதை எங்கள் மாணவிகளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "கல்யாண மேக்கப்புலயும் இதுதானே மேம்?" ஆமாம். கார் பெயின்டிலும் இதுதான். அந்தக் குழந்தைகளின் பெயரால் மணமேடையையும் கார் கம்பெனியையும் நோக்கிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். மொட்டைமாடிப் பெண்ணை மடக்குவதற்கு மட்டும் அவர்களைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

உண்மையாகவே அக்கறைப்பட வேண்டிய ஒரு விஷயம் அந்தப் படங்களில் இருந்தது. காகித வேலைக்கு விற்கும் ஜிகினாவைக் கண்ணருகே பூசக்கூடாது. அதன் விளிம்புகள் கூர்மையானவை, கருவிழியைக் கீறிவிடும். முகத்துக்கென்றே வரும் தூள் வேறு. "என்ன பூசினாய், கண் உறுத்தியதா, எண்ணெய் தொட்டு எடுத்தாயா?" என்று ஐந்து பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம். மாண்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். அவள் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு நாள் சிவந்திருந்ததாம்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, முதல்வர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தார். "எம்பொண்ணுங்களா இது?" என்று கேட்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். படங்களைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவை கோப்பில் இருக்க வேண்டியவை என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றும், படங்களை உரியவளிடம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதை நேற்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.