பட்டர் கேக்கில் பட்டர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்ப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் நுகர்வோர் விவகார அதிகார சபை வர்த்தமானி வெளியிட்டது. குறைந்தாலும் 13.5 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. நல்ல விஷயம், நாமும் கைதட்டினோம். ஆனால் அந்தப் பாணுக்குப் பக்கத்துத் தட்டில் கிடக்கும் பணிஸுக்குள்ளும் கேக்குக்குள்ளும் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

எங்கள் உம்மாமார் பெருநாளைக்கு அடித்த பட்டர் கேக்கின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஒரு இறாத்தல் மா, ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் பட்டர், எட்டுப் பத்து முட்டை. இன்று பட்டர் விற்கும் விலையையும் முட்டை விற்கும் விலையையும் கூட்டிப் பாருங்கள். பிறகு பேக்கரியில் ஒரு துண்டு "பட்டர் கேக்" என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். கணக்குப் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கும் விளங்கும், அந்த விலைக்கு அந்தச் சாமான் வராது.

அப்படியானால் உள்ளே என்ன? பட்டருக்குப் பதில் மாஜரின். பட்டர் மணத்துக்கு எசன்ஸ். முட்டை குறைந்ததை மறைத்துக் கேக்கைப் பொங்க வைக்க கேக் ஜெல். முட்டை தர வேண்டிய மஞ்சளைத் தர ஒரு சிட்டிகை சாயம். கிரீம் பணிஸின் கிரீமுக்குப் பால் தேவையே இல்லை, வெள்ளைக் கொழுப்பையும் ஐசிங் சீனியையும் அடித்தால் போதும். கேக்கில் சிவப்பாக மின்னும் "செரி" பல வேளை சீனிப்பாகில் ஊறிச் சாயம் குடித்த பப்பாசிக்காய். குரக்கன் பாண் என்று சீனி வருத்தக்காரர் தேடி வாங்குகிறார்கள். அதில் எத்தனை வீதம் குரக்கன், எத்தனை வீதம் கோதுமை மா? தவிட்டு நிறம் வர கரமல் கலர் போதும்.

மாஜரின் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மாஜரினைப் போட்டுவிட்டு பட்டர் என்று பெயர் வைப்பதைத்தான் கேட்கிறேன்.

இனி ஆசிரியராகப் பேசுகிறேன். வீட்டில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு இடைவேளையில் வாங்கும் பணிஸ்தான் காலைச் சாப்பாடு. வெள்ளை மா, சீனி, மலிவுக் கொழுப்பு, நிறம். இதைத்தான் ஐந்து நாளும் கொடுக்கிறோம். பிறகு "பிள்ளைக்குப் பாடத்தில் கவனமில்லை சேர்" என்று பெற்றோர் கூட்டத்தில் கவலைப்படுகிறோம்.

நிறத்தைப் பற்றி ஒன்று. 2007 இல் இங்கிலாந்தின் சவுத்ஹம்டன் பல்கலைக்கழகம் செயற்கைச் சாயக் கலவைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்தது. அதன் பிறகு டாட்ரசின் உட்பட ஆறு சாயங்களில் எதைச் சேர்த்தாலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் அது பாதிக்கலாம் என்று பக்கெற்றிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு பிள்ளையின் குழப்படிக்கும் சாயம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே தாய்க்குத் தெரிந்து வாங்குகிறாள். இங்கே தெரியாமல் வாங்குகிறாள்.

அடுத்தது கொழுப்பு. எண்ணெயைப் பகுதியாக ஐதரசனேற்றிக் கெட்டியாக்கும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. இதயத்துக்கு இதைவிடக் கெட்ட கொழுப்பு இல்லை. 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லை. இப்போது ட்ரான்ஸ் இல்லாத மாஜரினும் செய்கிறார்கள். உங்கள் ஊர் பேக்கரி எதை வாங்குகிறது? மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத வாளியையா? கேட்டால்தானே தெரியும்.

"இவ்வளவு காலமும் சாப்பிட்டோம், என்ன ஆயிற்று?" என்பார்கள். பொற்றாசியம் புரோமேற்று என்று ஒன்று இருந்தது. பாண் நன்றாகப் பொங்க உலகமே மாவில் கலந்தது. பிறகுதான் புற்றுநோய் அச்சம் தெரிந்தது. பிரிட்டன் 1990 இல் தடை செய்தது, இலங்கை 2001 இல். இந்தியா 2016 வரை தடை செய்யவில்லை. அந்த வருடம் டெல்லியில் ஒரு அமைப்பு 38 பாண், பணிஸ் மாதிரிகளைச் சோதித்தது. 84 வீதத்தில் புரோமேற்று அல்லது அயடேற்று. அதன் பிறகே அங்கே தடை வந்தது. சோதிக்க ஒருவர் வரும்வரை எல்லாம் "ஒன்றும் ஆகவில்லை" தான்.

அதே நேரம் வட்ஸ்அப் ஃபோர்வர்ட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஈ" எண் உள்ளதெல்லாம் பன்றிக் கொழுப்பு என்று பரப்பாதீர்கள். ஈ-300 விட்டமின் சி. ஈ-471 தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். மாவை மிருதுவாக்கும் ஈ-920 இறகிலிருந்தும் மயிரிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நொதிக்க வைத்தும் தயாரிக்கப்படுகிறது. எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொய்யைப் பரப்பினால் உண்மையான கேள்வியையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

நமக்கு ஹலால் என்ற சொல் நன்றாகத் தெரியும். அதோடு சேர்ந்து வரும் தய்யிப் என்ற சொல்லை மறந்துவிட்டோம். நல்லது, தூய்மையானது, உடலுக்கு உகந்தது. பன்றி இல்லை என்றால் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். நபிகளார் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அந்தத் தானியம் ஹராமான பொருளல்ல. மறைத்ததுதான் பிழை. மஞ்சள் சாயத்தால் முட்டையில்லாததை மறைப்பது வேறு என்ன?

பேக்கரி நடத்தும் சகோதரர்களே, 2022 க்குப் பிறகு மா, முட்டை, கேஸ், கரண்ட் எல்லாம் என்ன பாடு படுத்தியது என்று எங்களுக்கும் தெரியும். மலிவாகக் கேட்பவர்களும் நாங்கள்தான். ஆகவே மலிவாகச் செய்யுங்கள், ஆனால் சொல்லிச் செய்யுங்கள். "மாஜரின் கேக்" என்று எழுதி வையுங்கள். வசதியில்லாதவன் தெரிந்து வாங்குவான். ஏழைக்கு மலிவான கேக் கொடுப்பது உதவி. பொய்ப் பெயரில் கொடுப்பது அவனுடைய வறுமையில் செய்யும் வியாபாரம்.

பக்கெற்றில் வரும் உணவுக்குச் சேர்மானப் பட்டியல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கும் பணிஸுக்கு அந்தப் பட்டியல் இல்லை. நம் பிள்ளைகள் அதிகம் சாப்பிடுவதோ அந்த அலுமாரிச் சாமானைத்தான். அந்த ஓட்டையை அடைக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன கொழுப்பு? என்ன கலர்? பட்டர் என்றால் எவ்வளவு பட்டர்? பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்கள், சிற்றுண்டிச்சாலைக்குச் சாமான் தருபவரிடம் இதையே எழுத்தில் கேளுங்கள். கல்வி அமைச்சின் சிற்றுண்டிச்சாலைச் சுற்றுநிருபத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். கடலை, கௌபி, அவித்த முட்டை, வாழைப்பழம் வைக்கச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினர், ஊர் பேக்கரிகளை ஒருநாள் கூப்பிட்டு, சேர்மானத்தைப் பலகையில் எழுதி மாட்டும்படி கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் பொது சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார்.

ஒரு கடைக்காரர் முகம் சுளிப்பார், இன்னொருவர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதினொராவது ஆளுக்குப் பலகை தொங்கும்.