கேப்டன் கய்யூவின் அடக்கம்



இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியில் பயின்றிருக்கிறோம். அரச கோபத்திற்கும் அஞ்சாது தம் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்த தோபித்துவை அறிவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ஒரு குருவானவருக்கும் அத்தகைய சோதனை நேர்ந்தது.

ஆந்த்ரே கய்யூ 1825-இல் லூசியானாவில் அடிமையாகப் பிறந்தவர். 1846-இல் விடுதலை பெற்று, நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுருட்டுத் தொழில் செய்து வாழ்ந்த கத்தோலிக்கர். வட மாநிலங்களின் படையில் கறுப்பினத்தார் சேர்க்கப்பட்டபோது கேப்டன் ஆனார். போர்ட் ஹட்சன் என்னும் அரணைத் தாக்குமாறு அவருடைய படைக்குக் கட்டளை பிறந்தது. அவ்வரணின் மண்மதில்களை எழுப்பத் தென் மாநிலத்தார் தோட்டங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்திருந்தனர். அடிமைகள் வெட்டிக் குவித்த மண்ணின்மீது, தளை நீங்கியோர் உயிரைக் கொடுத்து ஏற முயன்றனர்.

1863 மே 27. இடக்கை சிதைந்த பின்னும் கய்யூ, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தம் வீரரை அழைத்தவாறே முன்னேறினார். குண்டொன்று அவரை வீழ்த்தியது. உடலை எவரும் எடுக்கவில்லை. ஜூலை 9-இல் அரண் பணியும்வரை, ஆறு வாரங்கள், அது வெட்டவெளியில் கிடந்தது. விரலில் இருந்த மோதிரத்தைக் கொண்டே அவரை அடையாளம் கண்டனர்.

நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஓடின் தென் மாநிலங்களின் பக்கம் சார்ந்தவர். திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் 1839-இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்திருந்தார். அது வாணிபத்துக்கே பொருந்தும், அடிமைகளை வைத்திருப்பதற்கன்று என அமெரிக்க ஆயர் சிலர் பொருள் கொண்டனர். (வேண்டாததைச் சுருக்கி வாசிப்பதில் குருக்களாகிய நாங்கள் வல்லவர்களே!) அடிமை ஒழிப்பை ஆதரித்த கிளாட் பாஸ்கல் மெஸ்த்ர் என்னும் பிரெஞ்சுக் குருவைப் பேராயர் பணியிலிருந்து தடைசெய்திருந்தார். ஜூலை 29-இல் கய்யூவின் அடக்கச் சடங்கை நிறைவேற்றியவர் அவரே.

கீழ்ப்படிதலுக்கு வாக்களித்த எனக்குத் தடைபெற்ற குருவைப் புகழ்வது எளிதன்று. அவர்மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. ஆயினும், அவர் வராதிருந்தால் அச்சவப்பெட்டியின் முன் எந்தக் குரு நின்றிருப்பார் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை.

பல்லாயிரம் கறுப்பின மக்கள் அவ்வூர்வலத்தில் திரண்டனர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தார் வட மாநிலப் படையில் சேர்ந்தனர். கய்யூவைப் போன்ற கறுப்பின அதிகாரிகளையோ, தளபதி பாங்க்ஸ் பதவியிலிருந்து விலக்கலானார். கணவரின் ஓய்வூதியத்திற்காக நெடுங்காலம் போராடிய விதவை பெலிசி வறுமையில் வாடினார். 1874-இல் இறக்கும்போது அவர் மெஸ்த்ர் அடிகளாரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தார்.