ஆடுவதும் ஆட்டுவதும்



முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? வைஸில் மைல்டு ஸ்டீல் பட்டையை இறுக்கி, இரண்டு மணி நேரம் அரத்தால் ராவு ராவென்று ராவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நீட்டுவோம். சார் ட்ரை ஸ்கொயரை மேலே வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் பல்லை இளிக்கும். "நடுவுல வயிறு விழுந்திருக்கு பார். கை ஆடுது. மறுபடியும் ராவு!"

இந்தத் திட்டு வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? நான் நிறைய வாங்கினேன். வாங்கி வாங்கி ஒரு பாடத்தை மனசில் ஏற்றிக்கொண்டேன்: வயிறு என்றால் தப்பு. கை ஆடினால் தப்பு. தட்டையாக இருப்பதுதான் சரி!

அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு போய்த்தான் ஒரு நாள் அப்பாவின் கத்தியைக் கெடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லி, முடிவில் நம் பேரவையிடம் ஒரு கோரிக்கையும் வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

படிச்சவன் தீட்டின கத்தி

அப்பாவுக்கு இளநீர் வியாபாரம். தள்ளுவண்டி, ஒரு குடை, ஒரு வெட்டுக்கத்தி. இவ்வளவுதான் முதல். கத்தி, லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்தது. முதுகு தடிமனாக இருக்கும். அங்கிருந்து வாய்ப்பக்கம் வரும்போது இரு பக்கமும் லேசாக உப்பி, கடைசியில் சட்டென்று கூராகும்.

செமஸ்டர் லீவில் ஒரு லேத் பட்டறைக்குக் கூடமாட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "ரெண்டு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவன் வீட்ல கத்தி தீட்ட ஆள் தேடணுமா?" என்று எனக்குள் ஒரு மிதப்பு. யாரும் கேட்காமலே கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். பெடஸ்டல் கிரைண்டரைப் போட்டேன். உப்பலாக இருந்த இரண்டு பக்கத்தையும் "சரி" செய்தேன். தீப்பொறி பறந்தது. வாய் மெல்லிசாகிப் பளபளவென்று வந்தது. ஒரு இடத்தில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. லேத் டூல் தீட்டும்போது வராத நிறமா என்று விட்டுவிட்டேன். ராத்திரி பேப்பரை வெட்டிக் காட்டினேன். பிளேடு மாதிரி போனது. அம்மாவுக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் நாலாவது காயிலேயே வேலையைக் காட்டியது. நீலம் பாய்ந்த இடத்தில் வாய் மடங்கிவிட்டது. மற்ற இடத்தில் பல்லுப் பல்லாக உதிர்ந்தது. போதாததற்கு ஒவ்வொரு வெட்டுக்கும் மட்டைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. வாடிக்கைக்காரர் ஒருவர், "என்னண்ணே, கத்தி புதுசா?" என்று கேட்டார். அப்பா, "இல்லப்பா, பையன் தீட்டினது. படிக்கிறான்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். அதுதான் நண்பர்களே, இன்றைக்கும் வலிக்கிறது. அன்று பாதி வண்டி இளநீர் அப்படியே வீடு திரும்பியது.

எங்கே தப்பு செய்தேன்?

இரண்டு தப்பு. இரண்டுக்கும் விடை நம் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படித்தேன், கத்திக்குப் படிக்கவில்லை!

முதல் தப்பு வடிவம். கத்தியின் குறுக்குவெட்டை வரைந்து பாருங்கள். பக்கங்கள் நேர்கோடாக வந்து கூடினால் தட்டைச் சாணை. சக்கரத்தின் வளைவுக்கு ஏற்ப உள்ளே குழிந்திருந்தால் குழிச் சாணை, சவரக்கத்தி அப்படித்தான். வெளியே உப்பியிருந்தால் குவிச் சாணை. ஜப்பானியர் இதற்கு 'ஹமாகுரி-பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹமாகுரி என்றால் ஒரு வகைச் சிப்பி. மூடிய சிப்பியின் இரண்டு ஓடும் உப்பி வந்து விளிம்பில் கூடுவதைப் போன்ற வாய் என்று அர்த்தம். அவர்களுடைய பேர்பெற்ற வாள்களின் வாயும், நம் ஊர்க் கோடாலியின் வாயும் இந்த ஜாதிதான்.

உப்பல் எதற்கு? கூருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க இரும்பு வேண்டும். ஓங்கி வெட்டும்போது அந்த முட்டுதான் அடியைத் தாங்குகிறது. அது மட்டுமா? உப்பிய பக்கம் மட்டையை இரு பக்கமும் விலக்கித் தள்ளுவதால் கத்தி சிக்காமல் வெளியே வருகிறது. நான் அந்த முட்டைத்தான் 'அழகு' பண்ணுவதாக நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். பேப்பர் வெட்டிய கத்தி தேங்காய் மட்டையில் தோற்றது இதனால்தான்.

இரண்டாவது தப்பு சூடு. லேத் டூல் ஹை ஸ்பீடு ஸ்டீல். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை அதன் கடினம் நிற்கும். அப்பாவின் கத்தியோ ஸ்பிரிங் பட்டை. பதம் பார்த்த அந்த எஃகைத் திரும்பச் சூடாக்கினால், ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள் நிறமும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் தெரியும். நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். டெம்பரிங் நிறங்களை அட்டவணை போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான். கண்ணுக்கு முன்னால் நீலம் வந்தபோது அடையாளம் தெரியவில்லை!

அப்பாவின் கல்

அப்பா திட்டவில்லை. மறுநாளிலிருந்து கத்தியை இரவல் வாங்கி வியாபாரம் பார்த்தார். சாயங்காலம் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தன் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்தார். ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ் உள்ள சாதாரண கார்போரண்டம் கல். நடுவில் தேய்ந்து தோணி மாதிரி குழிந்திருந்தது. மூன்று சாயங்காலம் அந்த நீலத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் தேய்த்தார். கை உழைப்பில் மூன்று நாள். நான் கெடுத்தது மூன்று நிமிஷத்தில்!

நாலாம் நாள் கூர் ஏற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு இழுப்பிலும் கத்தியின் முதுகு மேலே எழுந்தது. ஃபிட்டிங் ஷாப் பழக்கம் என்னை விடவில்லை. "அப்பா, கை ஆடுது" என்றேன்.

"ஆடலய்யா... ஆட்டுறேன்" என்றார். "இதுக்கு வயிறு வேணும். வயிறு இல்லாத கத்தி பத்துக் காய்க்கு நிக்காது."

ஆடுவது வேறு, ஆட்டுவது வேறு! கை தானாக ஆடினால் அது குற்றம். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்து நாமே ஆட்டினால் அது வித்தை. குழிந்த கல்லும் அப்படித்தான். உளிக்கும் இழைப்புளிக்கும் அது குற்றம். அந்தக் கத்திக்கோ, குழியின் நீளவாக்கில் இழுக்க இழுக்க உப்பல் தானாகவே வரும்.

எப்படித் தீட்டுவது?

அதற்குப் பிறகு நானும் கல்லெடுத்தேன். நான் தீட்டுகிற முறையைச் சொல்கிறேன். முயன்று பாருங்கள்.

கல் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். தண்ணீரோ எண்ணெயோ, எதை ஆரம்பித்தீர்களோ அந்தக் கல்லுக்குக் கடைசி வரை அதுதான். கத்தியின் வாய்ப்பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் ப்ளூ தடவி மேடு பார்க்கிறோமே, அதே யோசனைதான். கல் எங்கே தொடுகிறதோ அங்கே மை போகும்.

கத்தியின் வாய் எதிர்ப்பக்கம், முதுகு நம் பக்கம். முதுகைத் தாழ்த்தி வைத்து நம்மை நோக்கி இழுங்கள். இழுக்க இழுக்க முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். தாழ்ந்திருக்கும்போது கல் உப்பலின் மேல்பகுதியைத் தொடும். உயர உயரக் கூரை நோக்கி வரும். எவ்வளவு தூக்குவது? கணக்குப் போடலாம். கத்தியின் அகலம் 50 மி.மீ. என்று வையுங்கள். 10 டிகிரியில் தொடங்கி 20 டிகிரியில் முடிப்பதென்றால், சைன் மதிப்பைப் பெருக்கிப் பார்த்தால் முதுகின் உயரம் 9 மி.மீ.யில் தொடங்கி 17 மி.மீ.யில் முடியும். மொத்த வித்தையும் அந்த 8 மி.மீ. பயணத்தில்தான் இருக்கிறது! கூரை ஒட்டிய மை போன இடத்தோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் தீட்டிய கூரை நாமே மழுக்குகிறோம். முதல் பத்துத் தடவையும் நான் செய்தது அதைத்தான்.

ஒரு பக்கம் தேயத் தேய, மறுபக்கத்தில் குதிகாலிலிருந்து நுனிவரை மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலைத் தடவினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் மட்டும் தடவிவிடாதீர்கள், விரல் போய்விடும்! பிசிறு முழுக்க எழுந்ததும் கத்தியைத் திருப்புங்கள். இப்போது வாய் நம் பக்கம். அதே ஆட்டத்தோடு முன்னே தள்ள வேண்டும். பிறகு நைஸ் பக்கத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, பாரம் கொடுக்காமல். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. தோல் அழுந்திக் கொடுப்பதால் உப்பலுக்கு அது நல்ல துணை.

மெஷின் இருக்கும்போது கை எதற்கு?

சில நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். தளர்வான பெல்ட் கிரைண்டரில் பிடித்தால் உப்பல் நொடியில் வரும், மறுக்கவில்லை. ஆயிரம் கத்தி தீட்ட வேண்டிய கம்பெனிக்கு அதுதான் சரி. ஆனால் மெஷின், நாம் கேட்டதைச் செய்யும். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தராது. கல்லில் தப்பு மெதுவாக நடக்கும், திருத்த நேரம் கிடைக்கும். கிரைண்டரில் தப்பு முடிந்த பிறகுதான் தெரியும்.

கல் ஒன்றும் பழம் பஞ்சாங்கம் அல்ல. அந்தக் காலத்தில் மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டினார்கள். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கான் கார்பைடைக் கண்டுபிடித்தார். அதுதான் கார்போரண்டம். 1954-இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கப்பட்டது. இன்று சாதாரண ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கல் கிடைக்கிறது. கிடைக்காதது பழகிய கைதான்!

இன்னொரு மனத்தடையும் உண்டு. கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். "இதெல்லாம் ஐ.டி.ஐ. பசங்க வேலை, நாம சூப்பர்வைசர் ஆகப்போறவங்க" என்று நம்மில் பலர் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கத்தியின் வயிறு எதற்கு என்று தெரியாத சூப்பர்வைசர், அதைத் தட்டையாக்கச் சொல்லி உத்தரவுதான் போடுவான். வேலை தெரிந்தவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டே செய்வார். நஷ்டம் யாருக்கு?

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை இவ்வளவே. மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் தீட்டும் பயிற்சிக்கு ஒதுக்குவோம். கார்ப்பென்ட்ரி ஷாப்பில் குழிந்து கிடக்கும் கற்களைக் கண்ணாடிமேல் கார்பைடு பொடி போட்டுத் தேய்த்துத் தட்டையாக்கி உளிக்கு வைப்போம். முதலில் உளியைத் தட்டையாகத் தீட்டப் பழகுவோம். கை ஆடாமல் நிற்கக் கற்ற பிறகு குவிச் சாணைக்குப் போவோம். சார் சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. நிறுத்தத் தெரிந்த கைக்குத்தான் ஆட்டவும் தெரியும். பழகிய பின் நம் விடுதிச் சமையலறைக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்போம். மழுங்கிய கத்தியை அழுத்தி அழுத்தி நமக்காக வெங்காயம் அரியும் அக்காக்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் கத்திகள் மெல்லிசானவை. அவற்றுக்கு வயிறு வைக்கக் கூடாது! எந்தக் கத்தியாக இருந்தாலும், "உனக்கு என்ன வேலை?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கல்லில் வையுங்கள்.

அப்பாவின் கத்தியை இப்போது நான்தான் தீட்டுகிறேன். முதல் காயை வெட்டிவிட்டு வாயைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த காயை எடுப்பார்.

எனக்கு அது போதும்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்