தலை எண்ணும் வாத்தியார்

சென்சஸ் என்றால் வீடு வீடாக ஏறி இறங்கித் தலை எண்ணுபவர் யார்? பெரும்பாலும் நம்ம பள்ளிக்கூட வாத்தியார்தான்! அதே வாத்தியார் பத்தாம் வகுப்பில் சராசரி, திட்ட விலக்கம் நடத்தும்போது மட்டும் யாரோ கற்பனையில் எழுதிய மார்க்கும் கிரிக்கெட் ரன்னும்தான் கணக்கு. இது என்ன கூத்து?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 555 பேர். சென்னை மாவட்டத்தில் 26,553 பேர்! சராசரி எப்படி ஆளை ஏமாற்றும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

வார்டு வாரியாக வீடு, ஆண், பெண், குழந்தைகள் கணக்கெல்லாம் வெளியாகித்தான் இருக்கிறது. பழசுதான், 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போச்சு. இருந்தாலும் கரும்பலகையில் எழுதிப் போடலாமே! எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய் என்று பையன்களே எண்ணி வகுத்துப் பார்ப்பார்கள். "சராசரி சரியாத்தானே இருக்கு" என்று அதிகாரி சொன்னால், "எங்க தெருவுக்கு எவ்வளவு சார்?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயமா?

மாநகராட்சி முதலில் தன் பள்ளிகளுக்காவது வார்டுக் கணக்கை அனுப்பட்டும்.