வராத பஞ்சமும் வந்த தட்டுப்பாடும்

பஞ்சம் வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. ஆகவே சொன்னவர்கள் எல்லோரும் பொய்யர்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதையைப் பேசும்போதெல்லாம் இப்படியொரு தர்க்கம் இன்றும் முன்வைக்கப்படுகிறது. 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் அந்த நாட்டின் மக்கள் தகரத்தில் அடைத்த உணவையும் மாத்திரைகளையும் வீட்டில் சேர்த்து வைத்ததை இப்போது பலர் நகைச்சுவையாக நினைவுகூர்கிறார்கள். எனக்கு அது நகைச்சுவையாகத் தெரியவில்லை. எச்சரிக்கை பொய்த்துப் போவதற்கும், எச்சரிக்கையின் பயனாக ஆபத்து விலகிப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் நாம் சிரிக்கிறோம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 2016 ஜூன் 23ஆம் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 சதவீதமானோர் வெளியேற்றத்தை ஆதரித்தனர். ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்பது மாத்திரமே வாக்குச்சீட்டில் கேட்கப்பட்டிருந்தது. எவ்வாறு வெளியேறுவது, வெளியேறிய மறுநாள் காலையில் துறைமுகத்தில் என்ன நடக்கும் என்பவற்றை யாரும் கேட்கவில்லை. உடன்படிக்கை எதுவுமின்றி வெளியேற நேர்ந்தால் என்னவாகும் என்ற கேள்வி பின்னர்தான் எழுந்தது. அதற்கு விடை தேடிய அதிகாரிகள் திடுக்கிட்டுப் போனார்கள்.

காரணம், பிரித்தானியரின் சாப்பாட்டு மேசைக்கும் டோவர் துறைமுகத்துக்கும் இடையே இருந்த நெருக்கம். ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தை 1993இல் நடைமுறைக்கு வந்த பின்னர், ஸ்பெயினின் தோட்டத்தில் மாலையில் வெட்டப்பட்ட இலைக்கோசு சுங்கச் சோதனை எதுவுமின்றி பிரான்ஸின் கலே துறைமுகத்தைத் தாண்டி, ஓரிரு நாட்களில் லண்டன் கடையின் தட்டில் வந்து அமர்ந்தது. பொருள் தேவைப்படும் வேளையில் லொறி வந்து நிற்கும் என்பதால் பெருங்கடைகள் களஞ்சியத்தில் முடக்கும் பணத்தை மிச்சப்படுத்தின. வீதியில் ஓடிக்கொண்டிருந்த லொறிதான் களஞ்சியம். பரபரப்பான நாளொன்றில் பத்தாயிரம் லொறிகள் வரை கையாளும் டோவரில், ஒவ்வொரு லொறிக்கும் மேலதிகமாக இரண்டு நிமிடங்கள் செலவானால் 17 மைல் நீளத்துக்கு வரிசை உருவாகும் எனத் துறைமுக நிர்வாகம் எச்சரித்தது. 2019 ஜனவரியில் பெருங்கடைகளின் தலைவர்கள் கூட்டாக எழுதிய கடிதத்தில், மார்ச் மாதத்தில் விற்கப்படும் இலைக்கோசில் 90 சதவீதமும் தக்காளியில் 80 சதவீதமும் ஒன்றிய நாடுகளிலிருந்தே வருவதாகக் குறிப்பிட்டிருந்தனர். வெளியேறுவதற்கென அப்போது குறிக்கப்பட்டிருந்த நாளும் மார்ச் 29தான்!

மருந்தின் நிலை இன்னும் பாரதூரமானது. நாட்டுக்குத் தேவையான இன்சுலினை ஏறத்தாழ முழுவதுமாக இறக்குமதி செய்வதாக மருந்து ஒழுங்குமுறை முகவரகத்தின் தலைவர் 2018இல் பகிரங்கமாகச் சொன்னார். அன்று பிரதமராக இருந்த தெரேசா மேயே அன்றாடம் இன்சுலினில் தங்கியிருக்கும் நீரிழிவு நோயாளி என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். மருந்துக் கம்பனிகள் ஆறு வாரங்களுக்கான மேலதிக இருப்பை வைத்திருக்க வேண்டும் என 2018 ஆகஸ்டில் அரசாங்கம் கேட்டுக்கொண்டது. உலகிலேயே அதிகளவில் குளிர்சாதனப் பெட்டிகளை வாங்குபவர் தாமே என்று சுகாதார அமைச்சர் மற் ஹன்கொக் பெருமையாகக் கூறிக்கொண்டார். அதே அரசாங்கம் நோயாளர்களிடம், நீங்கள் எதையும் சேர்த்து வைக்க வேண்டாம் என்றது. அரசு சேமித்தால் முன்னேற்பாடு, குடிமகன் சேமித்தால் பதுக்கல் என்ற இந்த நியாயம் எங்களுக்குப் பழக்கமானதுதான்.

அந்நாட்களில் லண்டனிலிருந்து தொலைபேசியில் பேசிய நண்பர் ஒருவர், “மச்சான், அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பனடோல், மெழுகுதிரி எல்லாம் வாங்கி வைச்சிட்டன். இலைக்கோசு இல்லாட்டில் நாங்கள் சாகமாட்டம்” என்றார். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் எதை வாங்கி வைப்பதென்று அவரிடம் ஆலோசனை கேட்டாராம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவரிடம் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்க முடியாது. எங்கள் பத்திரிகைக் காரியாலயத்திலும் இச்செய்திகளை மொழிபெயர்க்கும்போது ஒரு சிரிப்பு எழும். வெள்ளைக்காரனும் எங்களைப் போல் வரிசையில் நிற்கப் போகிறான் என்ற திருப்தி அதில் கலந்திருந்தது.

ஆனால் தட்டுப்பாட்டை அனுபவித்தவனுக்கு அதைப் பற்றி இரண்டு விடயங்கள் தெரிந்திருக்கும். ஒன்று, பொருள் முற்றாக இல்லாமல் போவதைத் தட்டுப்பாடு என்று சொல்வதில்லை. தடைக் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் எங்கோ இருந்தன; வாங்கக்கூடிய விலையில் இருக்கவில்லை. மற்றையது, வருவது தெரிந்தால் மனிதர்கள் சமாளித்துக்கொள்வார்கள். சங்கக்கடையில் அடுத்த கிழமை என்ன கிடைக்காது என்று யாராவது நேர்மையாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ தாய்மார் அந்தக் கிழமையை வேறுவிதமாகக் கடந்திருப்பார்கள். பயத்தைக் காட்டிலும் இரகசியம்தான் மக்களை அதிகம் அலைக்கழித்தது.

பிரித்தானிய அரசு தவறிய இடமும் இதுவே. உடன்படிக்கையற்ற வெளியேற்றத்தின் விளைவுகளை மதிப்பிட்ட ‘யெலோஹாமர்’ திட்டத்தின் ஆவணம் 2019 ஆகஸ்டில் சண்டே ரைம்ஸ் பத்திரிகையின் கையில் சிக்கியது. பிரெஞ்சு எல்லையில் லொறிகளின் ஓட்டம் வழமையின் 40 முதல் 60 சதவீதத்துக்கு வீழலாம். லொறிகள் இரண்டரை நாட்கள் வரை காத்திருக்க நேரலாம். சில புதிய உணவுப் பொருட்களின் வரத்துக் குறையும், விலை கூடும். குறைந்த வருமானமுள்ளோர் மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கப்படுவர் என்றெல்லாம் அதில் இருந்தது. நாடு பட்டினி கிடக்கும் என்று அதில் எங்கும் இல்லை. போரிஸ் ஜோன்சனின் அரசு பாராளுமன்றத்தின் கட்டாயத்தினால் செப்டெம்பர் 11ஆம் திகதி ஆவணத்தை வெளியிட்டது. கசிந்த பிரதியில் ‘அடிப்படை நிலைமை’ என்ற பொருளில் இருந்த தலைப்பு, வெளியிடப்பட்ட பிரதியில் ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான நிலைமை’ என்றாகியிருந்தது. பதினைந்தாவது பந்தி கறுப்பு மையினால் மறைக்கப்பட்டிருந்தது. தலைப்பை மாற்றினால் செய்தியே மாறிவிடும் என்பதைப் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவசரத்தில் செய்யப்பட்ட முன்னேற்பாடுகளும் நம்பிக்கை தருவனவாக இருக்கவில்லை. மேலதிகக் கப்பல் சேவைக்காக 13.8 மில்லியன் பவுண் ஒப்பந்தம் வழங்கப்பட்ட கம்பனியிடம் ஒரு கப்பல்கூட இருக்கவில்லை. ஒப்பந்தம் 2019 பெப்ரவரியில் இரத்துச் செய்யப்பட்டது. இந்த ஒப்பந்தங்கள் வழங்கப்பட்ட முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்த யூரோரணல் நிறுவனத்துக்கு 33 மில்லியன் பவுண் கொடுத்து அரசு சமரசம் செய்துகொண்டது.

இனி நடந்தது என்ன? 2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா வெளியேறியது. ஆனால் அவ்வாண்டு முடியும்வரை பழைய வர்த்தக விதிகளே தொடர்ந்தன. டிசெம்பர் 20ஆம் திகதி புதிய வகைக் கொரோனாத் தொற்றுக் காரணமாக பிரான்ஸ் எல்லையை 48 மணி நேரம் மூடியபோது, ஆயிரக்கணக்கான லொறிகள் கென்ற் மாவட்டத்தின் வீதிகளிலும் பழைய விமானத் தளமொன்றிலும் அடைபட்டுக் கிடந்தன. நத்தார் வாரத்தில் கழிப்பறைகூடச் சரியாக இல்லாமல் தவித்த சாரதிகளுக்கு அருகிலிருந்த சீக்கியக் குருத்வாராவிலிருந்து சூடான உணவு சென்றது. எல்லை மூடினால் எத்தனை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின. டிசெம்பர் 24ஆம் திகதி வர்த்தக உடன்படிக்கை எட்டப்பட்டது. அதனாலேயே ‘யெலோஹாமர்’ எதிர்பார்த்த நிலைமை வராமல் போயிற்று. உடன்படிக்கை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதப்பட்ட ஆவணத்தை, உடன்படிக்கை எட்டப்பட்ட பிறகு எடுத்துவந்து பொய்யென்று நிரூபிப்பது நேர்மையான விவாதம் அல்ல.

உடன்படிக்கை வந்தபோதும் பத்திரங்கள் வந்தன. 2021 ஜனவரியில் வட அயர்லாந்தின் கடைகளில் சில தட்டுகள் வெறுமையாயின. பிரித்தானியாவிலிருந்து வந்த சாரதி ஒருவரின் பன்றியிறைச்சி சான்ட்விச்சைப் பறிமுதல் செய்த நெதர்லாந்துச் சுங்க அதிகாரி, “பிரெக்ஸிற்றுக்கு நல்வரவு” என்று சொன்ன காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. 2021 செப்டெம்பரில் லொறிச் சாரதிகளின் பற்றாக்குறையினால் சில எரிபொருள் நிலையங்கள் மூடப்படவே, மக்கள் முண்டியடித்துப் பல இடங்களில் பெற்றோலைத் தீர்த்தனர். ஒக்டோபரில் இராணுவத்தினர் எரிபொருள் வண்டிகளை ஓட்டினர். 2023 பெப்ரவரியில் தக்காளியும் வெள்ளரியும் ஆளுக்கு இத்தனை என்று அளந்து விற்கப்பட்டன.

இவை அனைத்தையும் வெளியேற்றத்தின் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. சாரதிப் பற்றாக்குறை ஜேர்மனியிலும் போலந்திலும் இருந்தது. தக்காளி விடயத்தில் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் நிலவிய மோசமான காலநிலைக்கும், கண்ணாடிக்கூடங்களைச் சூடாக்கும் எரிசக்தியின் விலையேற்றத்துக்கும் பெரிய பங்குண்டு. ஆனால் அதே அதிர்ச்சி பக்கத்து நாட்டில் ஓர் அசௌகரியமாகவும் பிரித்தானியாவில் ஒரு தட்டுப்பாடாகவும் வெளிப்பட்டதைக் கவனிக்க வேண்டும். பெற்றோலுக்கு இராணுவத்தை அழைக்கும் நிலை ஜேர்மனிக்கு வரவில்லை. மருந்து விடயத்திலும் இதே கதைதான். தட்டுப்பாடு ஏற்படலாம் என மருந்துக் கம்பனிகள் அறிவித்த சந்தர்ப்பங்கள் 2020இல் 648 ஆக இருந்து 2023இல் 1,634 ஆக உயர்ந்ததாக நஃபீல்ட் ட்றஸ்ட் ஆய்வு நிறுவனம் 2024இல் தெரிவித்தது. தட்டுப்பாட்டுக்கு உலகளாவிய காரணங்கள் உண்டு, ஆனால் அதைச் சமாளிக்கும் ஆற்றலை வெளியேற்றம் குறைத்துவிட்டது என்பதே அந்த ஆய்வின் சாரம். திடகாத்திரமானவனுக்கு இரண்டு நாளில் மாறும் தடிமன், மெலிந்தவனைப் படுக்கையில் போட்டுவிடுகிறது.

விலையைப் பார்ப்போம். 2021 முடியும்வரையான இரண்டு ஆண்டுகளில் எல்லைத் தடைகளினால் சராசரிக் குடும்பமொன்றின் உணவுச் செலவு 210 பவுண் கூடியதாக லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். வசதியுள்ள வீட்டில் அது கணக்கிலேயே வராது. வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்குச் செலவிடும் வீட்டில் அது வேறு கதை. ஏழைகள் அதிகம் பாதிக்கப்படுவர் என்று அந்த ஆவணத்தில் எழுதப்பட்டிருந்த வரி, பரபரப்பான வரிகளுக்கிடையே யாருடைய கண்ணிலும் படாத அந்த வரிதான், உடன்படிக்கை வந்த பின்னரும் உண்மையாயிற்று.

பயத்தைக் கேலி செய்தவர்களும் உள்ளூரப் பயந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஒன்றியம் பிரித்தானியப் பொருட்களை 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே சோதனையிட்டது. பிரித்தானியாவோ தனது இறக்குமதிச் சோதனைகளை ஐந்து தடவைகள் ஒத்திப்போட்டது. எல்லையின் கட்டுப்பாட்டை மீளப் பெறுவோம் என்று முழங்கியவர்கள், அந்த எல்லையில் வாயிற்கதவைச் சாத்தினால் கடைகள் வெறுமையாகிவிடும் என்பதால் திறந்தே விட்டிருந்தார்கள். சோதனைகள் 2024இல்தான் தொடங்கின. சரக்குத் தொகுதியொன்றுக்கு 145 பவுண் வரையான கட்டணம், பெருங்கடைகளைவிட ஐரோப்பாவிலிருந்து சிறிது சிறிதாகப் பொருள் தருவிக்கும் சிறு வியாபாரிகளையே அதிகம் வருத்தியது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவு, தாவரங்கள் தொடர்பான சோதனைகளைப் பெருமளவு நீக்கும் உடன்படிக்கை ஒன்றுக்கு முயல்வதென இரு தரப்பும் இணங்கின. ஒன்பது ஆண்டுகள் சுற்றி வந்து, கதவைத் திறந்து வைப்பது நல்லது என்ற இடத்தில் நிற்கிறார்கள்.

ஒரு நாடு தன் இறைமையின் பேரில் ஒரு கூட்டமைப்பை விட்டு வெளியேறத் தீர்மானிப்பது அந்நாட்டு மக்களின் உரிமை. விலை கொடுத்தாவது அதை வேண்டுவோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் விலை என்ன என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே, மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்சரிப்பவரைப் பயமுறுத்துபவர் என்று பட்டம் சூட்டி ஒதுக்குவதன் விளைவை எங்கள் நாட்டிலும் கண்டோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் போலத் தடைசெய்யப்பட்டபோது, விளைச்சல் வீழும் என்று விவசாய விஞ்ஞானிகள் சொன்னார்கள். அவர்களின் குரல் கேட்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அங்கே எச்சரிக்கை ஓரளவு கேட்கப்பட்டது. மருந்துக் களஞ்சியங்கள் நிரம்பின, பேச்சுவார்த்தை மேசைக்கு அவசரம் வந்தது. இங்கே கேட்கப்படவில்லை.

இன்சுலின் இருப்பைக் கூட்டி வைத்த அதிகாரியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு நோயாளியும் மருந்தின்றி அவதிப்படாமல் கடந்துபோன நாள் பத்திரிகையில் செய்தியாகாது என்பதை முப்பதாண்டுக்கும் மேலாக இத்தொழிலில் இருப்பவன் என்ற வகையில் நான் அறிவேன். அடுத்த தடவை வேறொரு நாட்டில் வேறொரு பிரச்சினைக்காக ஒருவர் இப்படி எச்சரிக்கும்போது, அன்றும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்று யாராவது சொல்வார்கள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு யார், என்ன செய்தார்கள் என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள்.